எண்ணெய் கூடாதாம், கையும் கூடாதாம்

டிச. 8, செவ்வாய்

காலையில் மூடுபனி. எதிர் குவார்ட்டர்ஸ் கண்ணுக்கே தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடந்தது. அடுப்புப் பக்கம் வைத்து உருக்க வேண்டியதாயிற்று. என்ன ஊரோ.

பேத்திக்கு இன்று இரண்டாவது எண்ணெய்க் குளியல். மனைப்பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பிள்ளையைக் காலில் போட்டு, தலை, மார்பு, முதுகு, கை, கால் எல்லாவற்றுக்கும் எண்ணெய். பிறகு பாசிப்பயறு மாவு. ஊரிலிருந்து கொண்டுவந்த விரலி மஞ்சளை உரைத்து அதில் கொஞ்சம் நிறையவே சேர்த்தேன். பெண் பிள்ளை அல்லவா. கடைசியில் சாம்பிராணி. ஒரு சிணுங்கல் இல்லை. படுக்கப் போட்டதும் தூங்கியதுதான், மத்தியானம் தாண்டியும் தூக்கம். ஐந்து பெற்று ஐந்தையும் நானே குளிப்பாட்டியவள். எங்கள் தெருவில் என் கைக்கென்று ஒரு பேர் உண்டு. இந்தக் கை பட்டால் பிள்ளை அப்படித்தான் தூங்கும்.

மருமகள் மீனா குளியலறை வாசலிலேயே நின்றாள். "அத்தை, மூக்கை ஏன் இழுக்கிறீங்க? வலிக்கும்ல?" மூக்கு எடுப்பாக வர வேண்டாமா என்றேன். "இருக்கிற மூக்கு போதும்" என்கிறாள். பிள்ளை பிறந்து நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் பேச்சு.

குறை சொல்லக்கூடாது. தாய் இல்லாத பெண். அதனால்தான் முதல் பேறுகாலத்துக்கு நான் அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலேறி வந்தேன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், இந்த டைரியை ஒளித்து வைக்க வேண்டிய பாடில்லை. முருகேசன் ஆபீசிலிருந்து கொண்டுவந்தது, போன வருஷத்து டைரி. வழவழவென்று நல்ல காகிதம். எதற்கு வீணாக்குவது. (மகன் பேரை முழுக்க எழுதினால் கை வலிக்கிறது. இனி மு.)

சாயங்காலம் மு. பிள்ளையைப் பார்த்துவிட்டு, "எம்மா, பிள்ள மஞ்சளா இருக்க மாதிரி தெரியுதே."

"மஞ்சள் பூசினா மஞ்சளா இல்லாம பச்சையாவால இருக்கும்?"

அவன் சிரித்தான். மீனா சிரிக்கவில்லை.

வாங்க: பூண்டு. சுக்கு. கருப்பட்டி (கிடைக்காது, இருந்தாலும் கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்).

டிச. 9, புதன்

குளிப்பாட்டவில்லை. பிள்ளை எழுந்தால்தானே. மார்பில் போட்டால் இரண்டு இழுப்பு, உடனே தூக்கம். மீனாவுக்குப் பால் கட்டி வலி. "அத்தை, எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேங்குறா." தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே, உடம்பு வைக்கும் என்றேன். சொன்னேன்தான்.

வெயில் ஏறியதும் முன்னால் இருக்கிற புல்தரைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். குளிர்காலத்தில் இந்தக் காலனிப் பெண்கள் எல்லாம் அங்கேதான். ஒருத்தி ஸ்வெட்டர் பின்னுவாள், ஒருத்தி பட்டாணி உரிப்பாள். மேல்வீட்டுக் கப்பூர் அம்மாள் துணியை விலக்கிப் பார்த்தாள். "பெஹன்ஜி! யே தோ பீலியா ஹை!" ஊருக்கே கேட்கும்படி. பீலியா என்றால் காமாலையாம். அவ்வளவுதான், பட்டாணிக்காரி முதற்கொண்டு எல்லாரும் எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறார்கள். ஒருத்தி குளுக்கோஸ் தண்ணீர் கொடு என்கிறாள். ஒருத்தி எண்ணெய் தப்பு, கடுகெண்ணெய்தான் தேய்க்க வேண்டும் என்கிறாள். கடுகெண்ணெய்! அந்த வாடைக்குப் பெரியவர்களுக்கே கண் எரிகிறது. கப்பூர் அம்மாளுக்கு முனிர்காவில் ஓர் ஆளைத் தெரியுமாம். மந்திரித்து நூலில் ஒரு மாலை கட்டித் தருவானாம். கழுத்தில் போட்டால் காமாலை இறங்க இறங்க மாலை தானாக நீளுமாம்.

என் பேத்தி என்ன கண்காட்சியா? வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

வந்து கதவைச் சாத்தினேன். வெந்நீரில் துணி நனைத்து மூக்கு, நெற்றி, மார்பு எல்லாம் துடைத்தேன். துணியில் மஞ்சள் வந்தது. பிள்ளை மேலிருந்து போகவில்லை. மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்தேன். அழுத்தின இடம் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை, மஞ்சளாகவே இருந்தது. கண்ணிமையை விலக்கினேன்.

கண்ணுக்குள் யார் மஞ்சள் பூசினார்கள்.

"ஏட்டி மீனா, செருப்பப் போடு" என்றேன். கப்பூர் அம்மாள் ஓடிப்போய் ஒரு ஸ்கூட்டர் பிடித்துவந்தாள். மூன்று சக்கர வண்டிக்கு இந்த ஊரில் அதுதான் பேர். அவளும் கூடவே ஏறிக்கொண்டாள். வழி முழுக்க அந்த மாலைக் கதை.

பெரிய ஆஸ்பத்திரி. நேற்று மீசை முளைத்தவன் போல ஒரு டாக்டர். பிள்ளையைப் புரட்டிப் பார்த்தான். நகத்தைப் பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்த்து, "மாதாஜி, ஹல்தி லகாயா?" மஞ்சள் பூசினாயா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். பிடித்தானே ஒரு பிடி. அத்தனை ஜனங்களுக்கு முன்னால். ஹிந்தியில் மழை மாதிரி கொட்டுகிறான். நான் மீனாவைப் பார்த்தேன்.

"என்னட்டி சொல்லுதான்?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

அவ்வளவு நேரம் பேசினது ஒண்ணும் இல்லையாம்! மஞ்சள் பூசினதால் மஞ்சள் காமாலை வந்தது என்றா சொல்கிறான், கேள் என்றேன். கேட்டாள். மஞ்சளால் வரவில்லையாம், நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதானாம். ஆனால் மஞ்சள் பூசியதால் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போயிற்றாம். தூக்கமும் எண்ணெய்க் குளியல் தூக்கம் இல்லையாம், காமாலை மயக்கமாம். அதனால் பால் குடிக்கவில்லையாம். குடிக்காததால் வெளிக்குப் போகவில்லையாம். போகாததால் மஞ்சள் உள்ளேயே சுற்றுகிறதாம்.

சரி. இதைச் சொல்ல அத்தனை சத்தம் எதற்கு? எனக்கு என்ன காது கேட்காதா? அவன் அம்மா அவனுக்கு எண்ணெய் தேய்க்காமலா வளர்த்திருப்பாள்?

பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். மீனா கூட இருக்கிறாள். நானும் ஆபீசிலிருந்து ஓடி வந்த மு.வும் வீட்டுக்கு வந்தோம். வீடு முழுக்கச் சாம்பிராணி வாசம். ஜன்னலைத் திறந்துவிட்டேன், குளிர்ந்தாலும் பரவாயில்லை.

டிச. 10, வியாழன்

ரசம் சாதம், வாழைக்காய், பூண்டுக் குழம்பு மீனாவுக்கு. டிபன் கேரியரோடு ஆஸ்பத்திரிக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டே. ஒருவன் எழுந்து இடம் தரவில்லை.

பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஒரு தொட்டி, மேலே வரிசையாக நீலக் குழல்விளக்கு. இந்த மார்கழிக் குளிரில் (ஆமாம், இன்னும் ஆறு நாளில் மார்கழி) உடம்பில் பொட்டுத் துணி இல்லை. கண்ணைக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே கதகதப்பாகத்தான் இருக்கிறதாம். விளக்குப் பட்டால் தோலில் இருக்கிற மஞ்சள் கரையுமாம். கரையட்டும். ஆனால் ஒரு கை படாமல் அப்படியே கிடக்கிறதே! பிறந்த பிள்ளை மேல் ஒரு கை இருக்க வேண்டாமா? காய்கறிக் கடையில்கூட தக்காளியை இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பார்கள்.

அங்கே ஒரு நர்ஸ், கேரளத்துப் பெண். தமிழ் கொஞ்சம் வரும். பால் கொடுக்கும் நேரம் மட்டும் பிள்ளையை வெளியே எடுத்து மீனாவிடம் தருகிறாள். மீனா மட்டும்தான் உள்ளே போகலாம், கையை முழங்கை வரை கழுவிவிட்டு. நான் கண்ணாடிக்கு வெளியே. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் வந்தாள், உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு. முகம் சுளித்தது, தூங்கிவிட்டது. இன்னொரு சுண்டு. நான் கண்ணாடியைத் தட்டினேன். அவள் வெளியே வந்தாள்.

"எந்தா அம்மச்சி?"

"அது காலா, கேரம் காயா? இப்படியா சுண்டுவாவ?"

"எழுப்பணும் அல்லோ. இல்லெங்கில் பால் குடிக்கில்ல."

"எழுப்புறதுக்கு நான் எழுப்புதேன். என்னை உள்ள விடு. காலிலிருந்து மேல தேச்சு, தொடைய வயித்தோட மடக்கி மடக்கி நீட்டினா, பிள்ள தானா முழிக்கும். வயிறும் இளகும்."

கூடாதாம். தேய்த்துவிடுகிற மாலிஷ் எல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளணுமாம்.

அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன். நான் மடியில் ஒரு சின்னப் பாட்டில் வைத்திருந்தேன். தேங்காய் எண்ணெய், உருக்கினது. உடம்புச் சூட்டில் உறையாமல் இருக்கும் என்று மடியில். மீனா வெளியே வந்தபோது அவள் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினேன், உள்ளே போய் யாருக்கும் தெரியாமல் காலில் தடவட்டும் என்று. நர்ஸ் பார்த்துவிட்டாள். பாட்டிலைப் பிடுங்கினாள். மீனாவை மறுபடியும் கை கழுவ அனுப்பினாள். பிள்ளைக்காரி, பச்சை உடம்பு, பச்சைத் தண்ணீரில் எத்தனை தடவை கை கழுவுவாள்?

"அம்மச்சி, எண்ணெய் தேச்சிட்டு இந்த லைட்டில் கிடத்தினால் தோல் பொள்ளும், கேட்டோ! குஞ்ஞினு தோல் பொள்ளும்!"

பொள்ளும் என்றால் வெந்துபோகும் என்று.

இது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் இந்த விளக்கு உண்டா? முன்னாடியே சொன்னால்தானே தெரியும்? சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்கிறாள். என்ன எழுதியிருக்கிறது? ஹிந்தி, இங்கிலீஷ். நான் ஐந்தாவது வரை படித்ததே தமிழ். அத்தனை தமிழ்க் குடும்பம் இருக்கிற ஊரில் ஒரு வரி தமிழில் எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

சாயங்காலம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள், குதிகாலில் குத்தி. மஞ்சள் கணக்கு நேற்றைவிட ஏறியிருக்கிறதாம். இன்னும் ஏறி இருபதைத் தொட்டால் ரத்தத்தை மாற்ற வேண்டுமாம். பிள்ளை ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றுவார்களாம். விட்டால் மூளைக்கு ஏறுமாம். இதை அந்த மீசைக்காரன் சொன்னான். இன்றைக்குச் சத்தம் போடவில்லை. மெதுவாகச் சொன்னான். அது இன்னும் பயமாக இருந்தது.

மு. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, என் ரத்தம் எடுங்கள் என்கிறான். சேருமா என்று பார்க்க வேண்டுமாம்.

என்னை யார் கேட்டார்கள்?

டிச. 11, வெள்ளி

காலையில் சீக்கிரமே போய்விட்டேன். விளக்கு ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான். சமையல் சுருக்கம்: சாதம், மிளகுத் துவையல்.

இன்றைக்கும் அதே சுண்டு. நர்ஸ் சுண்ட, பிள்ளை முகம் சுளிக்க, தூங்க. மீனாவின் ரவிக்கை நனைந்து ஒழுகுகிறது, குடிக்க ஆள் இல்லை. அவள் அழுதுகொண்டே, "ஜல்தி எழுந்திரு, ப்ளீஸ், எழுந்திரு" என்று பிள்ளையிடம் கெஞ்சுகிறாள். பார்த்தேன், பார்த்தேன், எனக்கு அடக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஒரே கூச்சல். நர்ஸ், ஆயா, மீசைக்காரன் எல்லாரும் ஓடி வந்தார்கள். "மாதாஜி பாஹர்! பாஹர்!" வெளியே போகணுமாம். நான் தமிழில் போட்டேன். பெற்ற ஐந்தையும் சொன்னேன், பேரன் பேத்திகளையும் சொன்னேன், தெருவில் எல்லாரும் கொண்டுவந்து காட்டுகிற பிள்ளைகளையும் சொன்னேன். பிள்ளைக்குக் காலில் குத்தத் தெரிகிறது, சுண்டத் தெரிகிறது, தடவிக் கொடுக்க ஓர் ஆள் இல்லையா என்றேன். யாருக்குப் புரிந்ததோ. புரியவில்லை என்றாலும் விட்டேனா?

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டரம்மா வந்துவிட்டாள். நரைத்த தலை, கண்ணாடி, ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டு. எல்லாரும் கப்சிப். "க்யா போல் ரஹீ ஹைம்?" நான் என்ன சொல்கிறேன் என்று மீனாவைக் கேட்டாள். மீனா எல்லாவற்றையும் சொன்னாள் போலிருக்கிறது. இந்தத் தடவை "ஒண்ணும் இல்ல அத்தை" கிடையாது. கையைக் காலை ஆட்டிக் காட்டி, தொடையை மடக்குவதைக் காட்டி, நீளமாகவே சொன்னாள்.

டாக்டரம்மா யோசித்தாள். பிறகு சொன்னதை மீனா எனக்குச் சொன்னாள். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை. விளக்குக்கு அடியில் தொடவே கூடாது. பால் கொடுக்க எடுக்கிற நேரம் மட்டும், சுத்தமாகக் கழுவின வெறும் கையால், மெதுவாகத் தடவலாம். காலை மடக்கி நீட்டலாம். அதனால் பிள்ளை விழித்துக் குடித்தால், குடித்து வெளிக்குப் போனால், நல்லதுதான், மஞ்சள் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. விளக்குக்குப் பதில் இது என்று யாரும் நினைத்துக்கொள்ளக்கூடாது.

சரி என்றேன். புடவையைச் செருகிக்கொண்டு கை கழுவப் போனேன்.

"நஹீம். சிர்ஃப் மா."

தாய் மட்டும்.

என் கை என்ன குப்பையா? யார் சொல்லி இதெல்லாம் ஆயிற்று? பஸ்ஸில் வந்தவள், ஊர்க் கிருமி எல்லாம் ஒட்டியிருக்கும், உள்ளே இன்னும் எத்தனையோ சீக்குப் பிள்ளைகள் என்கிறார்கள். மீனா மட்டும் ஆகாசத்திலிருந்தா வந்தாள்? அவளுக்கு ஒரு சட்டினிகூட ஒழுங்காக அரைக்க வராது. அவள் கையில் என் பேத்தி!

கண்ணாடிக்கு வெளியே நின்றேன். நின்று காட்டினேன். என் இடது கையைப் பிள்ளையாக வைத்துக்கொண்டு வலது கையால் இப்படி, இப்படி. முதலில் உள்ளங்கால், பிறகு கெண்டை, பிறகு தொடை. மீனா பார்க்கவே இல்லை. திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் பாட்டுக்கு முதுகிலிருந்து ஆரம்பிக்கிறாள்! முதுகில் ஒரு விரல், ஏதோ எறும்பு ஊர்கிற மாதிரி. அதற்குப் பேர் தடவுவதா? பிறகு இரண்டு கையையும் பிடித்து மார்பில் குறுக்கே வைத்து விரித்து, வைத்து விரித்து. இதை நான் சொல்லவே இல்லை. எங்கே பார்த்தாளோ. வாயில் ஏதோ ஹிந்திப் பாட்டு. எனக்குக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போகலாம் போல இருந்தது. "கால மடக்குட்டி! கால!" என்று கத்தினேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் மடக்கினாள். இரண்டு முழங்காலையும் வயிற்றோடு சேர்த்து, விட்டு, சேர்த்து, விட்டு. வயிற்றில் உள்ளங்கையை வைத்து வட்டமாக ஒரு சுற்று.

பிள்ளை அழுதது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கமே கேட்டது. பிறந்ததிலிருந்து அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. வாயைப் பிளந்த வாக்கில் மீனா மார்பில் வைத்துவிட்டாள். பிடித்துக்கொண்டது. கன்னம் ஆடுகிறதா என்று பார்த்தேன். ஆடியது. தொண்டை ஏறி இறங்கியது.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து நின்ற கால், வேறொன்றும் இல்லை.

சாயங்காலம் மு. வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம். பிரித்தால் நூல் மாலை! ஆபீசுக்குப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு முனிர்காவுக்குப் போயிருக்கிறான், கப்பூர் அம்மாள் சொன்ன ஆளிடம். பி.ஏ. படித்தவன். "நான் மஞ்சள் பூசினதுக்கு அத்தனை பேச்சு பேசுனீயள, இது என்னல?" என்றேன்.

"எம்மா, நீ சும்மா இரி. எனக்கு வேற என்ன செய்யன்னு தெரியல."

அவன் முகத்தைப் பார்த்தேன். உள்ளே எப்படியும் விடமாட்டார்கள். பையிலேயே வைத்துக்கொண்டான்.

கணக்கு இன்னும் இறங்கவில்லையாம். ஏறவும் இல்லையாம். நாளைக் காலையில் பார்த்துவிட்டு முடிவாம். ரத்தம் தயாராக இருக்கிறதாம்.

டிச. 12, சனி

எழுத ஓடவில்லை. ஆனால் எழுத வேண்டும்.

காலையில் குதிகாலில் குத்தினார்கள். பதில் வர நேரமாயிற்று. பெஞ்சில் நானும் மு.வும். கொண்டுபோன இட்லி அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு பீகார்க்காரன், அவன் பிள்ளையும் உள்ளே. அவன் தன் பாட்டுக்கு வேர்க்கடலையை உரித்து எனக்கு நீட்டினான். வாங்கிக்கொண்டேன், சாப்பிடவில்லை.

மீனா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ஓடக்கூடாத உடம்பு. "அத்தை! அத்தை! பாட்டி பண்ணிட்டா!"

பாட்டி என்றால் எனக்கு என்னவோ என்று ஆகிவிட்டது. அது இந்த ஊர்க் குழந்தைப் பேச்சு, வெளிக்குப் போவதற்கு. கறுப்பு எல்லாம் போய் பச்சை, பச்சைக்கு அப்புறம் இப்போது மஞ்சள். விடியற்காலையிலிருந்து பால் குடிக்கக் குடிக்கப் போகிறதாம். ஒரு துணி பாக்கியில்லையாம். வெளிக்குப் போனதைக் கேட்டு வேட்டி கட்டின ஆண்பிள்ளை அழுது நான் இன்றுதான் பார்த்தேன். மு.தான். பேன்ட்டில் இருந்தான், இருந்தாலும்.

அப்புறம் மீசைக்காரன் வந்தான், கையில் சீட்டு. கணக்கு இறங்குகிறதாம். "ஆஜ் ப்ளட் நஹீம் பத்லேங்கே." இன்றைக்கு ரத்தம் மாற்றவில்லை.

இன்றைக்கு என்றால்? நாளைக்கா? முழுசாகச் சொன்னால் என்ன? கேட்கச் சொன்னேன். மீனா கேட்கவில்லை. "அத்தை, இன்னைக்கு போதும்" என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது.

இட்லியைச் சாப்பிடச் சொல்லி ஊட்டிவிட்டேன், கண்ணாடிக்கு வெளியே வைத்து. கையைக் கழுவிக்கொண்டுதான். யாரும் குறை சொல்ல முடியாது.

நர்ஸ் போகிற போக்கில், "இப்போ சமாதானம் ஆயோ அம்மச்சி?" என்று ஒரு சிரிப்பு. பாட்டிலை எப்போது தருவாய் என்று கேட்டேன். போகும்போது தருகிறாளாம்.

டிச. 14, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. நேற்றே விளக்கை அணைத்துவிட்டார்கள், ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள், மறுபடி ஏறவில்லை.

டாக்டரம்மா சொன்னவை (மீனா சொல்ல எழுதுகிறேன்): மஞ்சள் கிடையாது. சாம்பிராணி கிடையாது. தண்ணீர், குளுக்கோஸ், கஷாயம் ஒன்றும் பிள்ளை வாயில் போகக்கூடாது, தாய்ப்பால் மட்டும். தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். எண்ணெய் இப்போது வேண்டாம், அடுத்த தடவை காட்டியபின் சொல்வாளாம். வெறும் கைத் தடவல் விடாமல். மூக்கை இழுக்கக்கூடாது. (இது டாக்டரம்மா சொன்னதா, மீனா சேர்த்ததா என்று சந்தேகம்.)

பாட்டில் வந்தது. காலி. நர்ஸ் தன் தலையில் தேய்த்துக்கொண்டாளாம், குளிரில் முடி வறண்டு போயிற்றாம், நல்ல எண்ணெய் என்கிறாள்! என்ன நெஞ்சழுத்தம். நல்ல எண்ணெய் இல்லாமல்? எங்கள் வீட்டுக் கொப்பரை.

கப்பூர் அம்மாள் அல்வாவோடு வந்தாள். மாலைதான் குணப்படுத்தியதாம். "தேகா, பெஹன்ஜி?" பார்த்தாயா என்று. மாலை மு.வின் சட்டைப் பையிலேயே கிடந்தது, பிள்ளை கழுத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஹிந்தி வரவில்லை. மீசைக்காரனைக் கேட்டால் விளக்கு என்பான். டாக்டரம்மா தாய்ப்பால் என்பாள். மு.வைக் கேட்டால் எல்லாம் சேர்ந்துதான் என்கிறான். எல்லாருக்கும் பங்கு உண்டு. கத்தினவளுக்கு?

டிச. 17, வியாழன்

மார்கழி பிறந்துவிட்டது. கோலம் போட முன்வாசல் ஒரு முழம். போட்டேன். பால் பூத்தில் இன்று கூட்டம்.

பிள்ளை தேறிவிட்டது. கண்ணில் மஞ்சள் இல்லை. மூக்கை அழுத்தினால் வெளுக்கிறது (இழுக்கவில்லை, அழுத்தினேன்). நல்ல பசி. அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை, கீழ்வீட்டுக்காரர் நேற்று வந்து கேட்டுவிட்டுப் போனார், என்ன ஆயிற்று என்று. ஒன்றும் ஆகவில்லை, பசி என்றேன். பிள்ளை அழக்கூடாதென்றால் சர்க்கார் குவார்ட்டர்ஸுக்கு ஏன் வருகிறார்?

காலையில் வெயில் வந்ததும் மீனா பிள்ளையோடு புல்தரைக்குப் போனாள். எனக்குச் சமையல். ஜன்னல் வழியாகப் பேச்சு எல்லாம் கேட்கிறது. பட்டாணிக்காரி கேட்கிறாள், மாலிஷ் யார் செய்கிறார்கள், மாலிஷ்காரி வருகிறாளா என்று.

"மேம் கர்த்தீ ஹூம்" என்கிறாள் மீனா.

நான் செய்கிறேன்!

அவ்வளவு ஹிந்தி எனக்கும் புரியும். கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போனேன். அவள் செய்கிறாளாம். கண்ணாடிக்கு வெளியே தொண்டை கிழியக் கத்தினவள் யார், பஸ்ஸில் நின்று போனவள் யார், ஆயா பிடித்து வெளியே தள்ளினது யாரை? எல்லாவற்றையும் நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்றுதான் போனேன். அங்கே அவள் பிள்ளையை மடியில் போட்டு, முழங்காலை மடக்கி நீட்டி, அந்தப் பெண்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். பட்டாணிக்காரியின் மருமகளுக்கு அடுத்த மாதம் பேறுகாலமாம். எல்லாரும் பின்னலை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். பிள்ளை விழித்துக்கொண்டு அவளையே பார்க்கிறது. கை இப்போது எறும்பு ஊர்கிற மாதிரி இல்லை. அதையும் எழுதிவிட வேண்டியதுதான்.

என்னைப் பார்த்ததும், "அத்தை, வந்துட்டீங்களா, அச்சா ஆச்சு. நான் குளிச்சிட்டு வரேன். பிடிங்க. இப்பதான் குடிச்சா. தோள்ல போட்டு முதுகைத் தட்டுங்க, ஏப்பம் வரணும். ரொம்ப பலமா தட்டாதீங்க, என்ன?"

சொல்லிவிட்டு, பிள்ளையை என் தோளில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

எனக்கு! பலமாகத் தட்டாதே என்று எனக்கு! ஐந்து பெற்றவளுக்கு, அத்தனை பெண்கள் பார்க்க!

தட்டினேன். மெதுவாகத்தான்.